பல்லுக்கு வேர் சிகிச்சை வேண்டுமா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்கு எதிரே, திரையில் ஓர் எக்ஸ்ரே படம் தெரிகிறது. கடைவாய்ப்பல்லின் தலைப்பகுதியில் கரிய குழி ஒன்று இருக்கிறது. "சொத்தை ரொம்ப ஆழமாப் போயிடுச்சு, ரூட் கேனல் பண்ணிடலாம்" என்கிறார் மருத்துவர். இந்த வாக்கியத்தைக் கேட்காத குடும்பம் இன்று நம் ஊர்களில் குறைவு. கேட்டவர்களில் பலர் உடனே சம்மதித்துவிடுகிறார்கள். சிலர் பயந்து எழுந்து வந்து, வலி பொறுக்க முடியாமல் போகும் வரை அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள். சம்மதிப்பதற்கும் எழுந்து வருவதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பல்லுக்குள் இருக்கும் கூழ் (பல்ப்) என்னும் மென்திசு உயிரோடு இருக்கிறதா? உயிரோடு இருந்தால், அது தானாகத் தேறிவரும் நிலையில் இருக்கிறதா? குழியின் ஆழமோ வலியின் கடுமையோ தனியாக இதற்குப் பதில் சொல்லிவிடாது. வலித்த பல்லுக்கு வேர் சிகிச்சை தேவைப்படாமல் போனதையும், வலியே இல்லாத பல்லுக்கு அது கட்டாயமாகத் தேவைப்பட்டதையும் எங்கள் குடும்பத்திலேயே நான் பார்த்திருக்கிறேன். நான் பல் மருத்துவர் இல்லை. அக்காவையும் சித்தப்பாவையும் அழைத்துக்கொண்டு போனபோது மருத்துவர்களிடம் கேட்டும், பிறகு தேடிப் படித்தும் தெரிந்துகொண்டவற்றை, இதே முடிவின் முன் நிற்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பல்லின் வெளியே தெரியும் வெள்ளை உறை எனாமல். அதற்கு உணர்ச்சி கிடையாது. அது எவ்வளவு கரைந்தாலும் நமக்குத் தெரியாது. அதன் கீழே இருக்கும் டென்டின் சற்று மஞ்சளானது. கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் அதில் லட்சக்கணக்கில் ஓடுகின்றன. குளிர்ந்த நீரோ இனிப்போ பட்டதும் அக்குழாய்களில் உள்ள திரவம் அசைந்து, அந்த அசைவை உள்ளே இருக்கும் நரம்பு முனைகள் உணர்வதைத்தான் பல் கூச்சம் என்கிறோம். டென்டினுக்கும் உள்ளே, பல்லின் நடுவிலும் வேர்களின் ஊடாகவும், இரத்தக் குழாய்களும் நரம்புகளும் கொண்ட மென்மையான திசு இருக்கிறது. அதுவே கூழ். உடலின் பெரும்பாலான இடங்களில் அழற்சி வந்தால் அந்த இடம் வீங்குவதற்கு இடம் உண்டு. கூழுக்கு அந்த வசதி இல்லை. நாற்புறமும் கடினமான சுவர் இருப்பதால் வீக்கம் அழுத்தமாக மாறுகிறது, அழுத்தம் வலியாகிறது, வேரின் நுனியிலுள்ள மிகச் சிறிய துளை வழியே வரும் இரத்த ஓட்டம் நாளடைவில் தடைபட்டு, திசு கொஞ்சம் கொஞ்சமாக மடிகிறது. வேர் சிகிச்சை என்பது மடிந்த அல்லது மடிவது உறுதியாகிவிட்ட அந்தத் திசுவை அகற்றி, உள்ளிருக்கும் கால்வாய்களைக் கிருமி நீக்கிச் சுத்தம் செய்து, மறுபடியும் கிருமி புகாதபடி அடைப்பதுதான்.

கூழை மடியச் செய்வது கிருமிகளே என்பதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு 1965-இல் வெளிவந்தது. ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள், கிருமிகளே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளின் பற்களைத் துளைத்துக் கூழைத் திறந்துவிட்டார்கள். சாதாரணமாக வளர்ந்த எலிகளுக்கும் அதையே செய்தார்கள். சாதாரண எலிகளின் கூழ் அழுகி, வேர் நுனியில் சீழ் கட்டியது. கிருமியற்ற எலிகளிலோ, உணவுத் துணுக்குகள் உள்ளே போய் அடைந்திருந்த நிலையிலும், கூழ் உயிரோடு இருந்து, திறந்த இடத்தின் குறுக்கே புதிய டென்டினை வளர்த்துத் தன்னை மூடிக்கொண்டது. இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது. கிருமிகளிடமிருந்து காப்பாற்றிக் கொடுத்தால் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் திறன் கூழுக்கு உண்டு. சொத்தை ஆழமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் உயிருள்ள கூழை எடுத்துவிடக் கூடாது என்று இன்றைய மருத்துவர்கள் சொல்வதற்கு அடிப்படை இதுவே.

அக்காவுக்குக் கீழ்த்தாடையில் வலப்பக்க முதல் கடைவாய்ப்பல்லில் சொத்தை. ஐஸ்கிரீம் பட்டால் சுரீரென்று இருக்கும்; இனிப்பு சிக்கினால் கொஞ்ச நேரம் உறுத்தும். முதலில் போன இடத்தில் எக்ஸ்ரே மட்டும் எடுத்துவிட்டு, வேர் சிகிச்சையும், பல்லின் மேல் உறைபோல மாட்டும் கேப்பும் வேண்டும் என்று தொகையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மனது ஒப்பாமல், எம்.டி.எஸ். என்னும் பல் மருத்துவ மேற்படிப்பில் வேர் சிகிச்சைத் துறையைச் சிறப்பாகப் பயின்ற வேறொரு மருத்துவரிடம் காட்டினோம். அவர் எக்ஸ்ரேயை ஒருமுறை பார்த்துவிட்டு எடுத்து வைத்தார். சிறு பஞ்சு உருண்டையில் குளிரூட்டும் ஸ்ப்ரேயை அடித்தார். பஞ்சின் மேல் வெண்பனி படர்ந்தது. "முதல்ல நல்ல பல்லுல வைக்கிறேன். கூசினதும் கையைத் தூக்குங்கம்மா, கூச்சம் போனதும் இறக்கிடுங்க" என்றார். மறுபக்கத்து நல்ல பல், சொத்தைப் பல்லுக்கு முன்னால் உள்ள பல், பின்னால் உள்ள பல் என்று பார்த்துவிட்டுக் கடைசியில்தான் சந்தேகப்பட்ட பல்லுக்கு வந்தார். அக்காவின் கை மற்ற பற்களை விடச் சட்டென்று மேலே போனது. பஞ்சை எடுத்ததுமே கீழே வந்துவிட்டது.

அந்தக் கை எவ்வளவு நேரம் மேலே நின்றது என்பதில்தான் பதில் இருந்தது. குளிர் பட்டதும் வலித்து, குளிரை எடுத்த சில நொடிகளில் அடங்கிவிட்டால், கூழ் எரிச்சலுற்றிருக்கிறதே தவிர தேறும் நிலையில் இருக்கிறது என்று பொருள். குளிரை எடுத்த பிறகும் அரை நிமிடம், அதற்கும் மேல் என்று வலி நீடித்தாலும், ஒன்றும் படாமலே தானாக விண் விண் என்று தெறித்தாலும், படுத்தால் கூடித் தூக்கத்திலிருந்து எழுப்பினாலும், அழற்சி திரும்பி வர முடியாத கட்டத்துக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். சூடான காப்பி பட்டால் துடித்து, குளிர்ந்த நீரை வாயில் வைத்துக்கொண்டால் மட்டும் ஆறுதல் பெறும் பல், பெரும்பாலும் அந்தக் கட்டத்தின் கடைசிப் படியில் இருக்கிறது. தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு மடக்கு மடக்காக வாயில் ஊற்றியபடியே வந்து உட்காரும் நோயாளிகள் உண்டு என்றும், அவர்களைப் பார்த்தவுடனே பாதி விவரம் புரிந்துவிடும் என்றும் அந்த மருத்துவர் சொன்னார். குளிருக்கு ஒரு பல் எந்தப் பதிலும் சொல்லாமல், சுற்றியுள்ள பற்கள் எல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னால், அந்தப் பல்லின் கூழ் மடிந்திருக்கலாம்.

சுற்றுப் பற்களையும் சோதிப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. ஒருவருக்கு எல்லாப் பற்களுமே கூசும். வயது முதிர்ந்தவருக்கு எல்லாப் பற்களுமே மந்தமாக இருக்கும். அவரவருடைய நல்ல பல்லே அவரவருக்கு அளவுகோல். அதை விட்டுவிட்டு ஒரு பல்லை மட்டும் தொட்டுப் பார்த்துச் சொல்லும் முடிவில் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சோதனைக்குப் போகும் அன்று காலையில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு போனால், குளிருக்கும் தட்டலுக்கும் பல் தரும் பதில் மங்கிவிடக்கூடும். பொறுக்க முடிகிற வலியாக இருந்தால் போடாமல் போவதே நல்லது. போட்டிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

குளிர்ச் சோதனைக்கு அடுத்தபடியாகத் தட்டிப் பார்ப்பதும் கடிக்கச் சொல்லிப் பார்ப்பதும் வருகின்றன. வாய்க்குள் பார்க்க உதவும் கண்ணாடிக் கருவியின் கைப்பிடியால் பல்லின் மேல் மெல்லத் தட்டுகிறார்கள். ஈறின் மேல் வேர் நுனி இருக்கும் இடத்தை விரலால் அழுத்துகிறார்கள். கூழின் அழற்சி வேர் நுனியைத் தாண்டி, பல்லைத் தாடையோடு பிணைக்கும் சவ்வுக்கு வந்துவிட்டதா என்பதை இது காட்டும். அழற்சி கூழுக்குள் மட்டும் இருக்கும் வரை எந்தப் பல் வலிக்கிறது என்று நோயாளிக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. கீழ்ப்பல்லின் வலி மேல்தாடையில் தெரியும், காதில் தெரியும், பொட்டில் தெரியும். இடப்பக்கத்துப் பல்லின் வலி வலப்பக்கத்துக்குப் போவது மிக அரிது. ஆனால் ஒரே பக்கத்தில் மேலும் கீழும் மாறித் தெரிவது வாடிக்கை. சவ்வு வரை அழற்சி வந்த பிறகுதான் "இந்தப் பல்தான்" என்று விரலை வைத்துக் காட்ட முடிகிறது. நோயாளி கைகாட்டிய பல்லையே சோதனையின்றித் திறந்தால், நல்ல பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துவிட்டு வலி போகவில்லையே என்று திகைக்க நேரும்.

அண்மையில் அடைத்த பல்லாக இருந்தால் இன்னும் பொறுமை வேண்டும். ஆழமாக அடைத்த பல் சில வாரங்கள் வரை கூசுவது இயல்பு. அடைப்பு ஒரு மயிரிழை உயரமாக இருந்தாலே, கடிக்கும்போதெல்லாம் அந்தப் பல் முதலில் இடிபட்டு வலிக்கும். உயரத்தைத் தேய்த்துச் சரிசெய்தால் அந்த வலி போய்விடும். கூச்சம் நாளுக்கு நாள் குறைகிறதா, கூடுகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும்.

சித்தப்பாவின் கதை நேரெதிர். பல ஆண்டுகளுக்கு முன் மேல் கடைவாய்ப்பல் ஒன்று இரண்டு மூன்று நாட்கள் அவரைத் தூங்கவிடவில்லை. கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்தார், மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார், வலி நின்றது. "பல்லு தானாவே சரியாயிடுச்சுப்பா" என்று அவர் சொன்னதை நாங்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். வலி நின்றதற்குக் காரணம், வலியை உணரும் நரம்பே மடிந்துபோனதுதான். பிறகு ஈறில் அரிசி அளவுக்கு ஒரு கொப்புளம் வரும், உடையும், ஓய்ந்து போகும், மறுபடி வரும். சீழ் வெளியேற வழி இருந்ததால் அழுத்தம் ஏறவில்லை, வலியும் இல்லை. அந்தக் கொப்புளத்தின் வாய்க்குள் கட்டாபெர்ச்சா என்னும் இளஞ்சிவப்பு நிற மெல்லிய குச்சியை மருத்துவர் மெதுவாக நுழைத்து, அது அங்கேயே இருக்கும்படி எக்ஸ்ரே எடுத்தார். குச்சி வளைந்து வளைந்து போய், எந்தப் பல்லின் எந்த வேரில் சீழ் உற்பத்தியாகிறதோ அந்த வேரின் நுனியில் போய் நின்றது படத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. சித்தப்பா கைகாட்டிய பல்லுக்கு அடுத்த பல் அது. அந்தப் பல் குளிருக்குப் பதில் சொல்லவில்லை. வேர் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்திருந்தது. "வலிக்கலையே, எதுக்குப்பா பல்லைக் குடையணும்?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் மடிந்த கூழுக்குள் இரத்த ஓட்டம் இல்லை. உடலின் எதிர்ப்பணுக்களோ மாத்திரையின் மருந்தோ அங்கே போய்ச் சேர வழியில்லை. கிருமிகளின் இருப்பிடத்தை உள்ளிருந்து சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் பல்லை எடுக்க வேண்டும்.

எக்ஸ்ரேயைப் பற்றி நம்மிடம் அளவுக்கு மீறிய நம்பிக்கை இருக்கிறது. எலும்பிலுள்ள தாது உப்பில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் மேலோ கரைந்த பிறகுதான் சாதாரணப் பல் எக்ஸ்ரேயில் கருமையாகத் தெரியத் தொடங்கும். எனவே படம் சுத்தமாக இருப்பது வேர் நுனியில் ஒன்றும் இல்லை என்பதற்கு உறுதியான சாட்சி ஆகாது. படத்தில் கருப்பு தெரிவதும் எப்போதும் நோய் ஆகாது. கீழ்த்தாடையில் முன்கடைவாய்ப் பற்களின் வேருக்கு அருகே, உதட்டுக்கும் முகவாய்க்கும் போகும் நரம்பு எலும்பிலிருந்து வெளியேற இயற்கையாகவே ஒரு துளை இருக்கிறது. படம் எடுக்கும் கோணத்தைப் பொறுத்து அது வேர் நுனியில் சீழ் கட்டியதைப் போலவே தோன்றும். கீழ் முன்பற்களின் வேர் நுனிகளில் எலும்பு மாறுபட்டு வளர்வதால் கருமை தெரியும் ஒரு நிலையும் உண்டு; நடுவயதுப் பெண்களிடம் அதிகம் காணப்படும் அதற்குச் சிகிச்சையே தேவையில்லை. இவ்விரண்டிலும் பற்கள் குளிருக்கு இயல்பாகப் பதில் சொல்லும். படம் ஒன்றைச் சொல்லி, சோதனை வேறொன்றைச் சொன்னால், இரண்டும் பொருந்தும் வரை கையை வைக்காமல் இருப்பவரையே நான் நல்ல மருத்துவர் என்பேன். ஐயம் தீராத இடங்களில் முப்பரிமாண ஸ்கேன் உதவும். எல்லோருக்கும் அது தேவைப்படாது.

அடிபட்ட பல்லுக்கு வேறு கணக்கு. பைக்கிலிருந்து விழுந்தோ கிரிக்கெட் பந்து பட்டோ ஆட்டம் கண்ட முன்பல், குளிருக்குச் சில வாரங்கள், சில வேளைகளில் மூன்று மாதங்கள் வரைகூடப் பதில் சொல்லாமல் இருக்கலாம். குளிர்ச் சோதனையும், பல்லில் மெல்லிய மின்சாரம் செலுத்திப் பார்க்கும் மின்சோதனையும் நரம்பைத்தான் சோதிக்கின்றன. கூழை உயிரோடு வைத்திருப்பது இரத்த ஓட்டம். நரம்பு மரத்துப்போயிருக்கும்போதே இரத்த ஓட்டம் நன்றாக இருக்க முடியும். ஆகவே பதில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, அடிபட்ட மறுவாரமே வேர் சிகிச்சையைத் தொடங்குவது பெரும்பாலும் அவசரம். நிறம் மாறுவது, தட்டினால் வலிப்பது, ஈறில் கொப்புளம், வேர் நுனியில் எலும்புக் கரைவு என்று வேறு அடையாளமும் சேர்கிறதா என்று குறித்த இடைவெளிகளில் பார்த்து வர வேண்டும். வேர் நுனி இன்னும் மூடாத சிறுவர்களின் பல்லில் இந்தப் பொறுமை இன்னும் முக்கியம்; கூழ் உயிரோடு இருந்தால்தான் வேர் நீண்டு, சுவர் தடித்து, பல் பலம் பெறும். வேரோடு பிடுங்கி வெளியே விழுந்து, மறுபடி பொருத்தப்பட்ட பல் மட்டும் இதற்கு விலக்கு. வேர் வளர்ச்சி முடிந்த பல்லாக இருந்தால், பொருத்திய 2 வாரங்களுக்குள் வேர் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்று பல்காயங்களுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது.

விரிசல் விட்ட பல் மருத்துவரையே அலைக்கழிக்கும். முறுக்கையோ வறுத்த கடலையையோ கடித்துவிட்டு வாயைத் திறக்கும் அந்தக் கணத்தில் சுரீரென்று வலிக்கும், எக்ஸ்ரேயில் ஒன்றும் இருக்காது, குழியும் இருக்காது. பல்லின் மேலுள்ள மேடுகளை ஒவ்வொன்றாகத் தனித்தனியே கடிக்க வைத்தும், சாயம் தடவியும், ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சியும் கண்டுபிடிக்கிறார்கள். விரிசல் மேலோடு நின்று கூழும் தேறும் நிலையில் இருந்தால் கேப் போட்டுப் பல்லைக் கட்டிவிடலாம். கூழ் கெட்டிருந்தால் வேர் சிகிச்சையும் வேண்டும். விரிசல் வேருக்குள் நெடுக இறங்கிவிட்டால் எந்தச் சிகிச்சையும் அதைக் காப்பாற்றாது.

பல்லில் குறையே இல்லாமல் பல் வலிப்பதும் உண்டு. சைனஸ் அழற்சியில் மேல் கடைவாய்ப் பற்கள் பல ஒரே நேரத்தில் கனத்து வலிக்கும், குனிந்தால் கூடும். முக நரம்பு வலியில் மின்சாரம் பாய்ந்ததைப் போல நொடிக் கணக்கில் வெட்டிவிட்டு நிற்கும். முகம் கழுவினாலோ பல் துலக்கினாலோ மறுபடி தொடங்கும். மாடிப்படி ஏறும்போது மட்டும் கீழ்த்தாடை வலித்து, உட்கார்ந்தால் அடங்குகிறது என்றால் போக வேண்டிய இடம் இதய மருத்துவரிடம். ஒரு பல்லைக் குற்றவாளி என்று சொல்வதற்கு அந்தப் பல்லில் காரணம் தெரிய வேண்டும். காரணம் தெரியாமல் வலியை மட்டும் நம்பி எந்தப் பல்லையும் திறக்கக் கூடாது.

அடைப்பதற்கும் வேர் சிகிச்சைக்கும் இடையில் ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. ஐரோப்பிய வேர் சிகிச்சை மருத்துவர் சங்கம் 2019-இல் வெளியிட்ட நிலைப்பாட்டின்படி, கூழ் உயிரோடும் தேறும் நிலையிலும் உள்ள ஆழமான சொத்தையில், ஓரங்களை முழுமையாகச் சுத்தம் செய்துவிட்டு, கூழின் தலைமேல் இருக்கும் மென்மையான படலத்தைத் தோண்டாமல் விட்டு, அதன் மேல் இறுக்கமாக அடைத்துவிடலாம். அக்காவுக்குச் செய்தது இதுதான். கூழ் திறந்துகொண்டாலும் உடனே எல்லாம் முடிந்துவிடுவதில்லை. இரத்தக் கசிவு சில நிமிடங்களில் நின்றுவிட்டால், பல்லின் தலைப்பகுதியிலுள்ள கூழை மட்டும் ஓரளவோ முழுமையாகவோ எடுத்துவிட்டு, வேர்களுக்குள் உள்ளதை உயிரோடு விட்டு, எம்.டி.ஏ. போன்ற சிமென்ட் வகைப் பொருளை வைத்து மூடுகிறார்கள். அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தோராபினெஜாத் 1990-களில் உருவாக்கிய அந்தப் பொருள் வந்த பிறகு, முன்பு குழந்தைகளின் பல்லுக்கே உரியது என்று கருதப்பட்ட இந்த முறையை, வலி நீடிக்கும் பெரியவர்களின் பற்களிலும் செய்து பலன் காண்கிறார்கள். கூழின் உண்மை நிலை வெளியே தெரியும் அடையாளங்களோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. உள்ளே திறந்து இரத்தக் கசிவைப் பார்க்கும் வரை முடிவை ஒத்திவைப்பதுகூட ஒரு நேர்மையான முடிவுதான். "உள்ளே பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று ஒரு மருத்துவர் சொன்னால், அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

கூழ் மடிந்திருப்பது உறுதியான பிறகும் இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது: வேரைச் சுத்தம் செய்த பிறகு மேலே கட்டுவதற்குப் பல் மீதி இருக்கிறதா? ஈறுக்கு மேலே சுற்றிலும் ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு நல்ல பல் இருந்தால்தான் கேப் பிடித்து நிற்கும். சொத்தை ஈறுக்குக் கீழே எலும்பு வரை போயிருந்தாலோ, வேர் நெடுக்காகப் பிளந்திருந்தாலோ, சுற்றியுள்ள எலும்பு பெரும்பகுதி கரைந்து பல் ஆடினாலோ, வேர் சிகிச்சைக்குச் செலவழிக்கும் பணம் வீண். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துவிட்டுக் கேப்பைத் தள்ளிப்போடுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. கூழை எடுக்கத் திறந்த பல்லின் சுவர்கள் மெலிந்திருக்கும். கேப் இல்லாமல் சில மாதங்கள் மென்றால் அது பிளந்து, செய்த சிகிச்சையும் பல்லும் சேர்ந்து போகும். ஆகவே தொகையைக் கேட்கும்போது கேப்பையும் சேர்த்தே கேட்க வேண்டும். அது கைக்கு எட்டவில்லை என்றால், சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைப் போன்ற இடங்களில், பேராசிரியர்களின் பார்வையில் மேற்படிப்பு மாணவர்கள் சிகிச்சை செய்கிறார்கள். நேரம் கூடுதலாக ஆகும். ஆனால் பல் கல்லூரிகளில் சோதனைகளைப் படிப்படியாகச் செய்து ஏட்டில் குறிக்கும் பழக்கம் இருப்பதால், இரண்டாவது கருத்துக்கும் அவை நல்ல இடம்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை இந்த முடிவுக்கு மாற்று ஆகாது. அழற்சியுற்ற கூழின் வலியை அது தணிப்பதில்லை. காய்ச்சல், பரவும் வீக்கம் போன்றவை இல்லாத சாதாரணப் பல்வலிக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம், பல்லுக்கு நேரடிச் சிகிச்சையே வேண்டும் என்று அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2019-இல் வழிகாட்டுதலே வெளியிட்டது. வலியைச் சமாளிக்க, அல்சரோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்களுக்கு இபுப்ரோஃபென் வகை மாத்திரை பாரசிட்டமாலோடு சேர்ந்து நன்றாக வேலை செய்யும். அதையும் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். வேர் சிகிச்சை செய்த பல் உடம்பில் வேறு நோய்களைக் கொண்டுவரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பயத்துக்கும் ஒரு பழைய வேர் உண்டு. வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1910-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையும், அதன் பின் வந்த, வெஸ்டன் பிரைஸ் என்ற பல் மருத்துவரின் ஆய்வுகளும் அந்தப் பயத்தைப் பரப்பி, காப்பாற்றியிருக்கக்கூடிய எத்தனையோ பற்களைப் பிடுங்க வைத்தன. பிரைஸின் ஆய்வு முறைகளில் இருந்த குறைகள் வெளிப்பட்ட பிறகு மருத்துவ உலகம் அதைக் கைவிட்டுவிட்டது.

பெரும்பாலான பற்களில் இரண்டாவது கருத்துக் கேட்கச் சில நாட்கள் எடுத்துக்கொள்வதால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. கன்னமோ தாடைக்கு அடியிலோ வீங்கிக் காய்ச்சல் அடித்தால், வாயைத் திறக்க முடியவில்லை என்றால், எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால், அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அது உயிருக்கு ஆபத்தான நிலை. மற்றபடி, சம்மதம் சொல்வதற்கு முன்பு, குளிர்ச் சோதனையில் இந்தப் பல் என்ன சொன்னது, பக்கத்துப் பல் என்ன சொன்னது, தட்டினால் வலிக்கிறதா, வேர் நுனியில் எலும்பு எப்படி இருக்கிறது, கூழைக் காப்பாற்ற முயல முடியுமா, முடியாதென்றால் ஏன், மேலே கட்டப் பல் மீதி இருக்கிறதா என்று கேட்கலாம். அக்கா இவற்றையெல்லாம் கேட்டார். மருத்துவரும் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றுக்கும் படத்தைக் காட்டிப் பதில் சொன்னார். காப்பாற்றிய கூழ் பின்னால் ஓசையின்றி மடிவதற்கும் வாய்ப்பு உண்டு என்பதால், 6 மாதம் கழித்து ஒருமுறையும் ஓராண்டு முடிவில் ஒருமுறையும் குளிர்ச் சோதனையும் எக்ஸ்ரேயும் பார்க்கச் சொல்லியிருந்தார். இரண்டிலும் பல் நன்றாகவே இருந்தது. அடுத்த முறை வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் காட்ட நேர்ந்தால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, முதல் எக்ஸ்ரேயிலிருந்து எல்லாவற்றையும் தேதியோடு அக்கா தன் கைப்பேசியில் சேமித்து வைத்திருக்கிறார்.